கடலோர வீட்டில் வெற்றிலையும் புகையிலையும்: எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள்

வெற்றிலைப் பெட்டி அன்றாடப் புழக்கத்துக்கு உரியது. ஒரு மாதச் சாமானை அடைத்து வைக்க அதை யாரும் செய்யவில்லை. உள்ளே போகும் பொருள்களைப் பாருங்கள்: வெற்றிலைக்கு ஈரம் வேண்டும், பாக்குக்கு ஈரமே ஆகாது, புகையிலைக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட பதம் வேண்டும், சுண்ணாம்பின் மேல் காற்றே படக்கூடாது. இந்த நான்கையும் ஒரே மூடிக்குள் போட்டுவிட்டு, நாலாம் நாள் பாக்கு பூத்துவிட்டது, புகையிலை பிசுபிசுக்கிறது என்று கடைக்காரரைக் குறைசொல்வது ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் வழக்கமாகக் கேட்கும் புலம்பல்.

இந்தக் கரையில் இந்தத் தொல்லை எளிதில் வருவதற்குக் காரணம் உண்டு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் உப்புத் துளிகள் சன்னல் கம்பி முதல் டப்பா மூடி வரை படிகின்றன. உப்பு படிந்த இடம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். மதுரையில் ஒரு மாதம் தாங்கும் சாமான் கடலோர மண்டபம் ஊரில் பத்து நாள் தாங்கினால் பெரிது.

வெற்றிலையில் நடக்கும் தவறு சின்னதுதான். கவுளியாக வாங்கி வந்ததும் மொத்தத்தையும் கழுவி, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்பெட்டியில் உறைபனி அறைக்குக் கீழேயே வைத்துவிடுகிறார்கள். பைக்குள் வியர்வை கட்டும். கடுங்குளிரில் இலை கறுக்கும். அழுகிய இலைகளை முதலில் பொறுக்கி எறியுங்கள். மற்றதைக் கழுவாமல், நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியிலோ வாழை இலையிலோ சுற்றிக் குளிர் குறைந்த தட்டில் வையுங்கள். துணியைத் தினமும் மாற்ற வேண்டும். காம்பு கிள்ளுவதும் கழுவுவதும் போடும்போது செய்தால் போதும்.

பாக்கில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சீவலாக வாங்கி வைப்பதுதான் முதல் தவறு. சீவிய பாக்கில் காற்றும் ஈரமும் படும் பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். கொட்டைப்பாக்காக வாங்கி, மழைக்கு முன்பே நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். சூடு ஆறாமல் மூடினால் உள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும். பாக்குவெட்டியில் இரண்டாக வெட்டிப் பார்த்தால் பழுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும். அது பாக்கின் இயல்பு, பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும் சாம்பலோ பச்சையோ நிறப் பொடியும், மூடி திறந்ததும் முகத்தில் அடிக்கும் மக்கல் வாடையும்தான் பூஞ்சையின் அடையாளம். அப்படிப் பூத்த பாக்கைத் துடைத்து, மறுபடி வெயிலில் போட்டுப் பயன்படுத்துவதைப் பல வீடுகளில் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு கழுவினாலும் போகாது, வெயிலில் போட்டாலும் முழுதாக நீங்காது. குப்பையில் போடுங்கள்.

இனி புகையிலை. வாங்கி வந்த மறுநாளே காய்ந்து நொறுங்குகிறது என்று தண்ணீர் தெளிப்பவர்கள் ஒரு கட்சி. ஈரமாகிவிட்டது என்று அடுப்பு மேடையில் வைத்து வாட்டுபவர்கள் எதிர்க்கட்சி. இரண்டுமே தவறு. தண்ணீர் தெளித்த இலை வெளியே பதமாகத் தெரியும். நடுநரம்புக்கு அருகில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இன்னொன்றும் நடக்கிறது. புகையிலையில் இருக்கும் நைட்ரேட்டைக் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்ற, அதிலிருந்து நைட்ரசமைன் என்னும் புற்றுநோய்ப் பொருள்கள் கூடுகின்றன. ஸ்வீடன் நாட்டில் வாயில் அடக்கும் ஸ்னூஸ் என்ற புகையிலையை நீராவியில் சூடாக்கித் தயாரித்து, கடையிலும் குளிர்பெட்டியில் வைத்து விற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் அது தீங்கற்றதாகிவிடவில்லை. மெல்லும் புகையிலை எவ்வளவு புதிதாக இருந்தாலும் புற்றுநோய் உண்டாக்குவதுதான். புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய்ப் பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் சேர்த்தது. பதமாக வைத்தால் பாதிப்பு குறையும் என்று நம்பிக்கொள்வது மற்ற எல்லாத் தவறுகளையும் விடப் பெரியது.

புகையிலையை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு வாரத்துக்கு மேல் வாங்காதீர்கள். சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, காற்றுப் புகாத கண்ணாடி அல்லது கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வெயில் படாத உயரமான அலமாரியில் வையுங்கள். தகர டப்பா வேண்டாம். உப்புக் காற்றில் அது ஒரு மழைக்குள் துருப்பிடித்துவிடும். மூக்குப்பொடிக்கும் இதே கணக்குதான். வாழை மட்டையில் கட்டித் தருவதை அப்படியே வைத்திருந்தால் வாசனை பறந்துவிடும்.

சமையலறை அலமாரியில் வைப்பதையும் சொல்ல வேண்டும். புகையிலையில் குண்டூசி முனையளவு துளைகள் தெரிந்தால், சின்னப் பழுப்பு வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். அது புகையிலையோடு நிற்பதில்லை. மல்லி, மஞ்சள், மிளகாய், கருவாடு எல்லாவற்றையும் துளைக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற குண்டு மிளகாய் மூட்டையாகக் கிடக்கும் ராமநாதபுரத்து வீட்டில், ஒரு பொட்டலம் புழுத்த புகையிலை எவ்வளவு நட்டம் கொண்டுவரும் என்று எண்ணிப் பாருங்கள். வண்டுக்குப் பயந்து அந்துருண்டை போடுகிறவர்களும் உண்டு. வாயில் போடும் பொருளோடு அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. புழுத்ததைக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். கொல்லையில் வீசினால் ஆடு மேயும். நிகோட்டின் அதற்கும் நஞ்சுதான்.

படகுக்குப் போகிறவர்கள் மடியில் முடிந்துகொண்டு போவது தனி வழக்கம். கடல்தண்ணீர் தெறித்து நனைந்த பொட்டலத்தைக் கரைக்கு வந்ததும் வெயிலில் விரித்துக் காயவைத்து, வீட்டு டப்பாவில் இருக்கும் மிச்சத்தோடு கலந்துவிடுவார்கள். உப்பு ஏறிய இலை பிறகு காய்வதே இல்லை. பக்கத்தில் இருப்பதையும் நனைக்கும். நனைந்ததை மிச்சத்தோடு சேர்க்காதீர்கள்.

அளவைப் பற்றி இன்னொன்று. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013 முதல் தடை இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று பை நிறைய வாங்கி வீட்டில் அடுக்குவது ஈரத்தைவிடப் பெரிய தலைவலியைக் கொண்டுவரும். விட்டுவிட நினைப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற கட்டணமில்லாத தேசிய எண் இருக்கிறது.

சுண்ணாம்பு இருக்கிறதே, அது கெட்டுப்போவதைக் காட்டிலும் கெடுத்துவிடுவதுதான் அதிகம். அலுமினிய டப்பாவில் வைத்தால் காரம் உலோகத்தை அரித்து, அடியில் ஓட்டை விழும். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்து மேலே ஆடை கட்டி, கட்டியாகிவிடும். பீங்கான் சாடியோ கண்ணாடிப் பாட்டிலோ போதும். சுண்ணாம்பின் மேல் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கட்டும், மூடி இறுக்கமாக இருக்கட்டும். பாக்கெட்டில் வரும் சுண்ணாம்பைக் குழந்தை கைக்கு எட்டும் மாடக்குழியில் வைக்கவே வைக்காதீர்கள். விளையாட்டாக அழுத்தினால் பாக்கெட் வெடித்து நேராகக் கண்ணில் பீச்சும். அதில் பார்வை போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி நேர்ந்துவிட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று கைவைத்தியம் தேடாதீர்கள். இமையை விரித்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரை விடாமல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இமைக்குள் வெள்ளைத் துணுக்குத் தெரிந்தால் ஈரத் துணி முனையால் எடுங்கள். பிறகு ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கண் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். போகும் வழியிலும் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போங்கள்.