குரல் பதிவில் கம்ப்ரஸர்: கருவியா, ப்ளக்-இன்னா?

வீட்டில் குரல் பதிவு செய்கிறவர்கள் குரலின் ஓங்கிய இடங்களை அமுக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரைத் தனிக் கருவியாக வாங்குவதா, கணினி மென்பொருளுக்குள் இயங்கும் ப்ளக்-இன்னாக வாங்குவதா என்று யோசிக்கும் முன், அது பதிவின்போது தேவைப்படுகிறதா, பதிந்த தடங்களைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங்கின்போது தேவைப்படுகிறதா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பதிவின்போது மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பிலோ அதைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் இன்டர்ஃபேஸிலோ சிதைந்துவிட்ட குரலை எந்த ப்ளக்-இன்னாலும் முழுமையாக மீட்க முடியாது. ஆகவே 24 பிட்டில் பதிவு செய்து, குரலின் உச்சங்கள் (டிஜிட்டல் உச்ச வரம்பைப் பூஜ்யமாகக் கொண்டு) மைனஸ் 12 டெசிபல் அருகிலேயே நிற்கும்படி ப்ரீஆம்பைக் குறைத்து வையுங்கள். டேப் காலத்தில் இரைச்சலுக்கு மேலே நிற்பதற்காகக் குரலை ஓங்கிய அளவில் பதிய வேண்டியிருந்தது. 24 பிட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. கம்ப்ரஸர் கருவி கையில் இருந்தால், உச்சங்களில் 2, 3 டெசிபலுக்கு மேல் அமுக்க வேண்டாம், ஏனெனில் பதிந்துவிட்ட அமுக்கத்தைப் பிறகு நீக்க முடியாது. பாடகர் ஹெட்ஃபோனில் தம் குரலை ப்ளக்-இன் வழியாகக் கேட்டால் பஃபரை, அதாவது கணினி ஒரே தடவையில் எடுத்துக் கையாளும் சாம்பிள்களின் (ஒலித் துணுக்குகளின்) எண்ணிக்கையை, கவனியுங்கள்: வினாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 128 என்பது ஒரு வழிக்கு 2.7 மில்லிவினாடிதான், 1024 என்றால் 21 மில்லிவினாடி ஆகிவிடும். அந்தத் தாமதத்தில் தாளம் பிடித்துப் பாடுவது கடினம்.

மிக்ஸிங்கில், என் கணிப்பில், ப்ளக்-இன்னே போதும். 1960களில் அமெரிக்க ஒலிப்பொறியாளர் பில் புட்னம் வடிவமைத்த 1176 என்ற கம்ப்ரஸர் கருவியின் ப்ளக்-இன் வடிவங்கள் பல கிடைக்கின்றன. உச்சம் வந்ததும் எவ்வளவு விரைவில் அமுக்கத் தொடங்கும் என்பதை நிர்ணயிக்கும் அதன் அட்டாக் திருகு வலப்புறம் போகப் போக வேகம் கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மிக வேகமான 20 மைக்ரோவினாடியில் வைத்தால் க், ட், ப் போன்ற வல்லின ஒற்றுகள் மழுங்கிப் பாடல்வரி தெளிவிழக்கும். எனவே இடப்புறத்திலிருந்து தொடங்கி, வரிகள் தெளிவாகக் கேட்கும்வரை மட்டும் திருப்புங்கள். உச்சங்களை இது பிடித்த பிறகு, ஒளிவழி இயங்கும் எல்ஏ-2ஏ வகைக் கம்ப்ரஸரை அடுத்து வைத்தால் குரலின் ஏற்ற இறக்கம் மெதுவாகச் சமன்படும். பழைய கருவிகளைப் போல இயங்கும் ப்ளக்-இன்கள் பலவும் சராசரி மைனஸ் 18 டெசிபலை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை என்பதால், உள்ளே செல்லும் அளவை முதலில் அங்கே கொண்டுவாருங்கள்.

கருவியையும் ப்ளக்-இன்னையும் ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும். சற்று ஓங்கி ஒலிப்பதையே காது நல்லது என்று நம்பிவிடும்.

கருவி வழியாகவே மிக்ஸ் செய்ய விரும்பினால், குரல் வெளியே சென்று திரும்பும் தாமதத்தை அளந்து சரிசெய்து, முடிவைத் தனித் தடத்தில் பதிந்துகொண்டு, திருகுகளின் நிலையைப் படம் எடுத்து அந்தப் பாடலின் கோப்புகளோடு சேர்த்து வையுங்கள்.