பழைய பாட்டிலில் கிறிஸ்துமஸ் மரம்: பொது இடத்தில் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில் 2011 டிசம்பரில் யோலாண்டா ஷ்மித்தியேனே என்ற கலைஞர் சுமார் 40,000 பச்சை பிளாஸ்டிக் பாட்டில்களை கேபிள் டை (வாலை இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டை) போட்டுக் கட்டி, 13 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம் செய்து நகரச் சதுக்கத்தில் நிறுத்தினார். இரவில் உள்ளே விளக்கு எரிந்ததும் மரம் முழுக்கப் பச்சைக் கண்ணாடி போலத் தெரிந்தது, உலகம் முழுக்க அந்தப் படம் சுற்றியது. 2019-இல் லெபனானின் செக்கா என்ற ஊரில் கரோலின் சாப்தினி 1,29,000 பாட்டில்களில் 28.5 மீட்டருக்கு ஒன்று எழுப்பினார். இரண்டும் அருமையான வேலைகள். ஆனால் இந்த மாதிரி படங்களைப் பார்த்துவிட்டு "நாமும் ஒன்று செய்யலாமே" என்று கிளம்பும் குழுக்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகின்றன. டிசம்பரில் எப்படி நிற்கும் என்று மாதக்கணக்கில் பேசுவார்கள், ஜனவரியில் பிரித்தால் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பாதி அங்கிருந்து வருவதுதான்.

முதலில் எண்ணிக்கைப் பைத்தியம். 20,000 பாட்டில் என்று அறிவித்துவிடுவது, நவம்பர் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 12,000 கூடத் தேறாது, உடனே மொத்தக் கடையில் புது பாட்டில் வாங்கி நிரப்புவது. அப்படிச் செய்தால் அது மறுசுழற்சி மரமே இல்லை, புதிதாகக் குப்பை செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கையில் இருப்பதை வைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள். 4 மீட்டர் மரம் கண்ணுக்கு நேரே நிற்கும், குழந்தைகள் கிட்டே போய்ப் பார்ப்பார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் ஊர்மக்கள் வீட்டில் கிடந்த பழைய பீங்கான் தட்டு, கோப்பைகளைக் கொண்டுவந்து கொடுக்க, சுமார் 5,000 பாத்திரங்களில் ஒரு மரம் எழுந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள் தங்கள் வீட்டுத் தட்டு எங்கே இருக்கிறது என்று தேடியிருப்பார்கள் என்று நினைக்கும்போதே மனது நிறைகிறது. அந்த உறவு கடையில் வாங்கிய பாட்டிலுக்கு வராது.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு: நல்ல பொருளைக் கெடுப்பது. தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை, பழைய சாமான் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார், அரைத்து பாலியஸ்டர் இழையாக்குகிறார்கள். அதே பாட்டிலுக்குத் தங்க நிற ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, பசை தடவி, ஜிகினா தூவினால் யாரும் தொட மாட்டார்கள், நேராகக் குப்பை மேட்டுக்குத்தான். இதில் பிவிசி குழாய்த் துண்டு, ஃப்ளெக்ஸ் பேனர் கிழிசல் (அதிலும் பிவிசிதான்) எல்லாம் கலந்துவிட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் பெட் பிளாஸ்டிக்கை உருக்கும் சூட்டில் கொஞ்சம் பிவிசி இருந்தாலும் அது சிதைந்து அமிலமாகி உருகிய பிளாஸ்டிக் மொத்தத்தையும் கெடுத்துவிடும். ஜிகினாத் தூள் மழையில் கழுவி சாக்கடைக்குப் போகும், திரும்ப எடுக்கவே முடியாது; ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பனைக்குத் தடை கொண்டுவந்ததற்குக் காரணமே இந்த நுண்பிளாஸ்டிக்தான். நிறம் வேண்டுமா, பாட்டிலின் நிறத்தையே பயன்படுத்துங்கள். கவுனாஸ் மரத்துக்குப் பச்சை அடிக்கவில்லை, பாட்டிலே பச்சை. பசைக்குப் பதிலாகக் கம்பி, கயிறு, முடிச்சு. லேபிளைச் சேகரிக்கும்போதே உரித்துவிடுங்கள், உள்ளே சர்க்கரைத் தண்ணீர் ஒட்டியிருந்தால் எறும்பும் ஈயும் மொய்க்கும், அதனால் அலசிக் காயவைத்துத்தான் மூட்டை கட்ட வேண்டும்.

இப்போது காற்று. காலி அரை லிட்டர் பாட்டில் பத்து இருபது கிராம்தான் இருக்கும், தூக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, அதனால்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதை நேருக்கு நேர் தடுக்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் சுமார் 25 கிலோ எடையின் அழுத்தம் விழும். 100 கிலோமீட்டர் என்றால் 50 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 13 மீட்டர் உயரம், அடியில் 5 மீட்டர் அகலம் உள்ள கூம்பு மரத்தின் முகப்பு சுமார் 32 சதுர மீட்டர் வரும், பெருக்கிப் பாருங்கள். முழுக்க அடைத்த பரப்புக்குத்தான் அந்தக் கணக்கு முழுசாகப் பொருந்தும், இடைவெளி விட்டுக் கட்டினால் குறையும், அதனால் பாட்டில்களுக்கு நடுவே காற்று போக வழி விடுவது அழகுக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது. ஆனால் கணக்கைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். வெல்டிங் கடைக்காரர் "தாங்கும் சார்" என்றார் என்பது கணக்கு ஆகாது. தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களில் இதைச் செய்ய நினைப்பவர்கள் டிசம்பர் நமக்குப் புயல் மாதம் என்பதை மறக்கவே கூடாது, வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது 2016 டிசம்பர் 12-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் எழும் அதே நாட்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மேல் பாதியை இரண்டு மணி நேரத்தில் இறக்க முடிகிற மாதிரி சட்டகத்தை அடுக்கடுக்காக, நட்டு போல்ட் போட்டுச் செய்யுங்கள். மொத்தமாக வெல்டிங் வைத்துவிட்டால் நின்று வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மழைத் தண்ணீரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒரு குளிர்பான பாட்டிலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஐந்து குமிழ் இருக்கும். உள்ளே இருந்து பார்த்தால் அது ஐந்து குட்டிக் கிண்ணம், பாட்டில் நேராக நின்றால் தண்ணீர் அங்கேதான் தங்கும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும். அடியை வெட்டிப் பூ மாதிரி விரித்து வைப்பவர்கள் அந்தக் கிண்ணங்கள் வானத்தைப் பார்க்கும்படி வைத்துவிடுகிறார்கள், அது இன்னும் மோசம். எடைக் கணக்கும் மாறிவிடும், ஒரு பாட்டிலில் 100 மில்லி நின்றாலே 10,000 பாட்டிலுக்கு ஒரு டன். மூடியைக் கழற்றி, வாய் கீழே பார்க்கும்படி சாய்த்துக் கட்டுங்கள், அல்லது ஒவ்வொரு குமிழிலும் ஒரு துளை போடுங்கள். பெரிய வேலை இல்லை, ஆனால் கட்டும் முன் செய்ய வேண்டும்.

கேபிள் டை விஷயம் சின்னதுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை டை வெயில் பட்டுச் சீக்கிரம் நொறுங்கும், வெளியில் கட்டக் கறுப்புதான் நல்லது. வால் பகுதியைச் சாய்வாக வெட்டினால் முனை பிளேடு மாதிரி நிற்கும், அது குழந்தையின் கண் உயரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தலையோடு ஒட்டி வெட்டி, முனையை உள்பக்கம் திருப்புங்கள். வெட்டும்போதே கீழே ஒரு தார்ப்பாய் விரித்துக்கொண்டால் துண்டுகள் மண்ணில் கலக்காது.

விளக்குக்கு எல்இடி மட்டும், அதுவும் 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடுவது. பெட் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே நெளிய ஆரம்பிக்கும், பழைய குண்டு பல்பு, ஃபோகஸ் லைட் எதையும் ஒட்டி வைக்காதீர்கள். சீரியல் லைட்டை இன்சுலேஷன் டேப் சுற்றி இணைத்து மழையில் விடுவதும் வேண்டாம், எல்லா இணைப்பும் தண்ணீர் புகாத பெட்டிக்குள் இருக்கட்டும். அட்டை, துணி, தெர்மாகோல் மரமாக இருந்தால் தீ பிடித்தால் நிமிடங்களில் முடிந்துவிடும். அரங்கத்தின் ஒரே வாசலை மறித்து அதை நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

அப்புறம், கலைஞரைக் கடைசியில் கூப்பிடுவது. பொருள் சேர்த்தாகிவிட்டது, கம்பிக் கூம்பு அடித்தாகிவிட்டது, "வந்து கொஞ்சம் அழகு பண்ணிக் கொடுங்க" என்று ஓவியரை அழைப்பது. அவர் என்ன செய்வார், நட்சத்திரம் மாட்டிவிட்டுப் போவார். லண்டனின் டேட் காட்சியகம் வருடாவருடம் ஒரு கலைஞரிடம் மரத்தை ஒப்படைத்து வந்தது. 1997-இல் மைக்கேல் லேண்டி, தூக்கிப் போட்ட மரங்களையும் பண்டிகைக் குப்பையையும் ஒரு பெரிய குப்பைத்தொட்டியில் நிரப்பி அதையே மரமாக வைத்தார். 2008-இல் பாப் அண்ட் ராபர்ட்டா ஸ்மித் என்ற பெயரில் இயங்கும் கலைஞர் பழைய சாமான்களில் மரம் செய்து, பார்வையாளர்கள் சைக்கிள் மிதித்தால் விளக்கு எரியும்படி அமைத்தார். இரண்டிலும் பொருளே பேசுகிறது. அதற்குக் கலைஞர் முதல் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அவருக்கு ஊதியமும் கொடுக்க வேண்டும். குப்பையில் செய்வதால் உழைப்பும் இலவசம் என்று நினைப்பது அநியாயம், வாங்கிய பொருளைவிடப் பொறுக்கிய பொருளில்தான் வேலை அதிகம்.

கடைசியாக, பிரிக்கும் நாள். மரம் நிறுத்த அனுமதி வாங்கும்போதே பிரிக்கும் தேதி, அதற்கான கூலி, வண்டி, எந்தக் கடைக்காரர் எடுக்கிறார், எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுங்கள். கடைக்காரரிடம் ஒரு மாதிரி கிளையை முன்கூட்டியே காட்டி "இப்படியே எடுத்துக்குவீங்களா, டையை அவுத்துத் தரணுமா" என்று கேளுங்கள், அவர் சொல்லும் பதிலைப் பொறுத்துக் கட்டும் முறையே மாறலாம். பாட்டில், மூடி, டை மூன்றுக்கும் தனித்தனி மூட்டை, ஏனென்றால் மூன்றும் வேறு வேறு பிளாஸ்டிக். இரும்புச் சட்டகத்துக்கு ஒரு கோட் பிரைமர் அடித்து, ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி, கூரை உள்ள இடத்தில் வையுங்கள், அடுத்த வருஷம் வேறு பொருளைக் கட்டவும் உதவும்.