மொறிஸ் மைனர் பிக்கப்பின் பின் லைற் கோளாறு

1960களின் மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று என்னிடம் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் சிக்னல் லைற்றும் சேர்ந்து மங்கலாக மினுங்கும். ஒரு லைற் இன்னொன்றோடு கூட்டுச் சேர்ந்தால் முதலில் எர்த்தை, அதாவது லைற்றை வண்டியின் பொடி வழியாகப் பற்றறியோடு இணைக்கும் தொடுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த வண்டி பொசிற்றிவ் எர்த். பற்றறியின் பிளஸ்தான் பொடியில் பூட்டியிருக்கும். பிரேக்கை ஒருவர் மிதிக்க, லைற்றின் கூட்டுக்கும் பற்றறி பிளஸுக்கும் இடையே மல்ரிமீற்றரை வைத்தேன்: 2 வோல்ட்! அரை வோல்ட் காட்டினாலே பிழை. பின் பெட்டியைச் சாசியோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பிடிக்கும் போல்ட்டுகளில் பெயின்ற், அதற்குக் கீழே துரு. உலோகம் தெரியும்வரை சுரண்டி, லைற்றிலிருந்து சாசிக்குத் தனி வயர் இழுத்துக் கிரீஸ் பூசினேன். சரி, அத்தோடு எல்லாம் பளிச். எல்இடி பல்பு போட நினைப்பவர்கள் பொசிற்றிவ் எர்த்துக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். நெகற்றிவ் எர்த்துக்கு மட்டும் செய்தது இதில் எரியாது.