ஆப்பிரிக்கப் பயணத் துணைவர்களைப் பற்றி எழுதுபவர்கள் செய்யும் தவறுகள்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகளோடு நடந்த ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் புதிதாக எழுதுபவர்கள் தங்கள் வரைவுகளை எனக்கு அனுப்புவதுண்டு. எழுத்துப்பிழையை யாரும் திருத்திவிடலாம். நான் சொல்ல வருவது வேறு.

விசுவாசத்தோடு கதையை முடிப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 1873இல், இன்றைய சாம்பியாவில் ஸ்காட்லாந்துப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் இறந்தார். அவருடைய ஆப்பிரிக்கத் துணைவர்கள் சுசியும் சூமாவும் உடலைக் கடற்கரைவரை சுமந்து வந்தார்கள். என்னே விசுவாசம், முற்றும்! அண்மையில் வந்த வரைவும் இப்படித்தான். "இவர்களுக்குச் சம்பளம் யார் கொடுத்தது?" என்று கேட்டேன். எழுதிய தம்பிக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லையாம்.

நடந்ததைப் பாருங்கள். இதயத்தையும் உள்ளுறுப்புகளையும் மரத்தடியில் புதைத்தார்கள். உடலுக்கு உப்பிட்டு, இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, துணியும் மரப்பட்டையும் சுற்றிக் கட்டினார்கள். வழியில் எதிர்ப்பட்ட ஆங்கிலக் கடற்படை அதிகாரி கேமரன், இங்கேயே புதைத்துவிடலாம் என்றார். மறுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் ஒரு கூட்டத்தைக் கலையாமல் நடத்தி, 1874 பிப்ரவரியில் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை ஊரான பாகமோயோ சேர்ந்தார்கள். விசுவாசம் இருந்திருக்கலாம், கேரவன் (சுமைகாரர்களோடு செல்லும் நெடும்பயணக் கூட்டம்) நடத்தும் தொழில் தெரியாமல் இருந்தால் உடல் பாதி வழிகூட வந்திருக்காது.

சான்சிபார் தீவில் சுசிக்கும் சூமாவுக்கும் சம்பளக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஏப்ரலில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அடக்கம் நடந்தபோது இருவரும் அங்கே இல்லை. அப்புறம்தான், ஜேம்ஸ் யங் என்ற நண்பரின் செலவில் இங்கிலாந்து போய், லிவிங்ஸ்டனின் நாட்குறிப்புகளைப் பதிப்பிக்க உதவினார்கள். 1879இல் ஜோசப் தாம்சன் சென்ற பயணத்தில் கேரவன் தலைவர் சூமாதான். சுசி, லிவிங்ஸ்டனைத் தேடிப்போய்ச் சந்தித்த பத்திரிகையாளர் ஸ்டான்லியோடு காங்கோ போனார். அடக்கத்தோடு கட்டுரையை முடித்தால் இதெல்லாம் போய்விடும்.

எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

அடக்கத்துக்குப் போனவர் ஜேக்கப் வெயின்ரைட். அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டு, நம் நாசிக்கில் மிஷன் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் எழுதுவார். 1872இல் ஸ்டான்லி அனுப்பிய ஆட்களோடு வந்தவர் என்பதால், லிவிங்ஸ்டனுடன் ஒரு வருடம்கூட இருக்கவில்லை. சுசியோ 1860களிலிருந்தே உடன் இருந்தவர்.

பெண்களை மறப்பது

லிவிங்ஸ்டனின் கூட்டத்தில் சமையல் செய்தவர் ஹலிமா. பெயரையாவது எழுதுங்கள்.

எசமான் போட்ட மதிப்பெண்ணை நம்புவது

சிறுவயதில் அடிமையாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர் சிதி முபாரக் பாம்பே. பிரிட்டிஷ் பயணிகளான பர்ட்டனும் ஸ்பீக்கும் அவரோடு பேசியது இந்துஸ்தானியில். ஸ்பீக் அவரை மெச்சினார். ஸ்டான்லி திட்டித் தீர்த்தார். ஆள் ஒருவர்தான். ஸ்பீக், ஸ்டான்லி இருவரும் எழுதிய நூல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எசமான் குரலே வேண்டாம் என்றால், ஜெர்மானியப் பயணி ஹைன்ரிக் பார்த்துடன் போன டொருகு என்பவர் மேற்கு ஆப்பிரிக்க ஹவுசா மொழியில் சொன்ன வாழ்க்கைக் கதை அச்சில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.