பழைய எஃப்ஐ பைக்கில் பெட்ரோல் கசிவு: பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நிற்கும்போது பெட்ரோல் வாடை அடித்தால், அது பக்கத்து வண்டியிலிருந்து வருகிறது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் வாடை விடாமல் அடித்தால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோல் ஹோஸையும் அதன் இரு முனைகளையும்தான். கார்புரேட்டர் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக்கூடிய கைகளுக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே எஃப்ஐ வண்டியிலும் காட்டும்போதுதான் இந்தப் பழுதில் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தன் எடையால் மட்டுமே டேங்கிலிருந்து கீழே இறங்குகிறது. ட்யூப் சற்றுத் தளர்ந்திருந்தாலும் சொட்டுவதோடு சரி. எஃப்ஐ வண்டியில் டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப், பெரும்பாலான மாடல்களில் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில், அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 43 பவுண்ட் அளவில், பெட்ரோலை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. பைக் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட இது அதிகம். எனவே அங்கே சொட்டாக விழும் அதே வெடிப்பு, இங்கே ஊசிமுனைப் பீச்சலாகச் சூடான இன்ஜின் மீது தெளிக்கும்.

வண்டிகளின் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2006-இல் வந்த ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ, ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையிலேயே உருவாகி 2009-இல் வந்த கிளாசிக் 500 போன்றவற்றின் ரப்பர் பாகங்கள், இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் சில வகை ரப்பரை உப்பவைக்கும். பிறகு அது காய்ந்து இறுகி வெடிக்கும். மாற்றும் ஹோஸும், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் இந்தப் பெட்ரோலைத் தாங்கும் வகைதானா என்று கடையில் கேட்டு வாங்குவது நல்லது.

கசிவின் இடத்தைக் கண்டுபிடிக்காமலே ஸ்பேனரை எடுப்பது முதல் தவறு. வெயில் நேரத்தில் டேங்கை வாய்வரை நிரப்பி வெட்டவெளியில் நிறுத்தினால், விரிவடைந்த பெட்ரோல் டேங்கின் வழிவு ட்யூப் வழியே கீழே சொட்டும். அது பழுதே அல்ல. அதற்காக நல்ல ஹோஸைக் கழற்றிப் புதுக் கசிவை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக, உண்மையான கசிவு இருந்தும் தரையில் ஈரமே தெரியாமல் போவதும் உண்டு, ஏனெனில் இன்ஜின் சூட்டில் பெட்ரோல் விழுவதற்கு முன்பே ஆவியாகிவிடுகிறது. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, பனியன் வேஸ்ட்டால் ஹோஸ், கிளிப், இன்ஜெக்டர் தலை, பம்ப்பின் அடித்தட்டு ஆகிய எல்லாவற்றையும் உலரத் துடைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட வேண்டும். பம்ப் இரண்டு மூன்று வினாடிகள் முனகிவிட்டு நிற்கும். இப்படி நான்கைந்து முறை செய்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கிளிப்பின் ஓரத்தில் கடுகளவு மினுமினுப்பு திரண்டு மெல்ல உருண்டு இறங்குவது தெரியும். சொட்டு கடைசியில் விழும் இடத்தை நம்பக் கூடாது. அது எங்கே திரள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வேலை பார்க்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் உள்ள நெருக்கமான வீடுகளில், மழைக்கும் திருட்டுக்கும் பயந்து வண்டியை நடைக்குள்ளேயே ஏற்றி நிறுத்துவோம். அதற்கு அடுத்த கதவு சமையலறையாக இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பையோ, பூஜை விளக்கையோ, படிக்கட்டின் அடியில் இருக்கும் இன்வெர்ட்டரையோ அது எட்டிவிடும். கசிகிற வண்டியைச் சரிசெய்யும் வரையில் தெருவிலேயே விடுவதுதான் சரி. உலர் தூள் தீயணைப்பான் இல்லாவிட்டால் ஒரு வாளி மணலாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; எரியும் பெட்ரோல் மீது தண்ணீரை ஊற்றினால் தீயும் அதோடு மிதந்து பரவும்.

அடுத்தது, ஹோஸில் நிற்கும் அழுத்தத்தை இறக்காமல் கழற்றுவது. பம்ப்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டுத் தானாக நிற்கச் செய்யும் வழி பரவலாகச் சொல்லப்படுகிறது. வெளிப்படையாகப் பீச்சும் வண்டியில் அதைச் செய்யக் கூடாது. அப்படிப்பட்ட வண்டியை ஓர் இரவு ஆறவிட்டால் அழுத்தம் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். எந்த வழியானாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஹோஸ் முனையைத் துணியால் சுற்றிக்கொண்டு மெதுவாக உருவ வேண்டும். நான் பேட்டரியைக் கழற்றச் சோம்பல்பட்ட ஒரு நாளில், என் மைத்துனர் மீட்டரில் லைட் எரிகிறதா என்று பார்ப்பதற்காகச் சாவியைத் திருப்பிவிட்டார். அந்த இரண்டு வினாடியில் எதிர்ச்சுவர் நனைந்தது.

ஹோஸ் வாங்குவதில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரிது. ஸ்பேர் கடையில் ‘பெட்ரோல் ட்யூப்’ என்று மட்டும் கேட்டால், கார்புரேட்டருக்கான சாதாரண ட்யூப்பையோ கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூப்பையோ வெட்டிக் கொடுத்துவிடக்கூடும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டதைத்தான் கொடுத்தார். பிளாஸ்டிக் ட்யூப் சில மாதங்களில் மஞ்சளாகி இறுகும். அதற்கு முன்பே சூட்டில் இளகிக் கழன்றுகொள்ளவும் கூடும். நல்ல ஹோஸின் மேல் அச்சிட்ட எழுத்துகளைப் படிக்க வேண்டும்: எஸ்ஏஇ ஜே30 என்ற தரக்குறியை அடுத்து ஆர்7 என்று இருந்தால் அது கார்புரேட்டருக்கும் குறைந்த அழுத்தத்துக்கும் உரியது, ஆர்9 என்றிருப்பதே எஃப்ஐ வண்டிக்குரியது. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டு ஹோஸுக்கு ஆர்9-ம் போதாது. அதன் வெளித்தோல் பெட்ரோலிலேயே ஊறிக் கிடக்கச் செய்யப்பட்டதல்ல. அந்த இடத்துக்கு ஆர்10 வகை வேண்டும். சில வண்டிகளில் கம்பெனியிலிருந்தே கெட்டியான நைலான் குழாயும், அழுத்தினால் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் முனையும் வரும். அந்த நைலானை வெட்டி, வழவழப்பான அதன் மேல் ரப்பர் ஹோஸைச் செருகிக் கிளிப் போடுவது எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. முழு ஹோஸ் செட்டாக மாற்றுவதைத் தவிர அங்கே வேறு வழியில்லை.

அளவு பொருந்தாத ஹோஸைக் கிளிப்பால் நெருக்கிச் சரிக்கட்டப் பார்ப்பதும் அடிக்கடி நடப்பது. 8 மில்லிமீட்டர் முனைக்கு 10 மில்லிமீட்டர் ஹோஸை மாட்டி இறுக்கினால் ரப்பர் மடிந்து, அந்த மடிப்பின் வழியே பெட்ரோல் வழி தேடிக்கொள்ளும். பட்டையில் வரிவரியாக வெட்டுள்ள சாதாரண ஸ்குரூ கிளிப், இறுக்க இறுக்க அந்த வெட்டுகளில் ரப்பரைப் பிதுக்கி அறுக்கிறது. உட்புறம் வழவழப்பாகவும் ஓரங்கள் வெளிநோக்கி மடிந்தும், சிறிய போல்ட்டும் நட்டும் வைத்து இறுக்குமாறு இருப்பதே எஃப்ஐ கிளிப். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று படும் தெருக்களில் வண்டி நிற்குமானால் அதைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குவது நல்லது. முலாம் பூசிய கிளிப் இந்த உப்புக் காற்றில் வெகு நாள் தாங்குவதில்லை. கிளிப் உட்கார வேண்டிய இடம், முனையில் இருக்கும் புடைப்பைத் தாண்டி உள்பக்கம். புடைப்பின் மேலேயே இறுக்கினால் அது நழுவும். பழைய ஹோஸைப் பிளையரால் முறுக்கி இழுத்தால் பம்ப்பின் பிளாஸ்டிக் முனை ஒடிந்து, ஒரு முழ ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய செலவு புதுப் பம்ப்பில் போய் நிற்கும். முனையில் கீறல் விழாதபடி பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கிழித்து எடுப்பதே பாதுகாப்பு.

எம்-சீல், டெஃப்லான் டேப், சைக்கிள் ட்யூப் ரப்பரைச் சுற்றிக் கட்டுவது ஆகிய கை வைத்தியங்கள் தண்ணீர்க் குழாய்க்கு ஆகலாம். இந்த அழுத்தத்தில் பெட்ரோலுக்கு ஆகாது. பிய்ந்த டேப் துணுக்கு இன்ஜெக்டருக்குள் போய் அடைத்துக்கொண்டால் வேலை இரட்டிப்பாகும்.

கசிவு இன்ஜெக்டரின் தலையிலோ பூட்டு முனையிலோ இருந்தால், கழற்றிய ஓ-ரிங்கையே மீண்டும் போடக் கூடாது. புது ஓ-ரிங்கை ஒரு சொட்டு இன்ஜின் ஆயிலில் நனைத்து நேராக அழுத்த வேண்டும். உலர்வாகத் திருகிச் செருகினால் அதன் விளிம்பு வெட்டுப்படும். சாவி போடாமலேயே டேங்கின் அடியில் ஈரம் தெரிந்தால் ஹோஸை விட்டுவிட்டுப் பம்ப் அடித்தட்டின் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். அங்கே போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் தட்டு கோணிக்கொள்ளும்.

மாட்டி முடித்து, ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தவுடன் டேங்கை மூடிவிடுவது கடைசித் தவறு. முதலில் சாவியை மட்டும் நான்கைந்து முறை போட்டுப் பார்த்து, பிறகு பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுப் பார்த்து, ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பி ஹோஸ் எங்கும் நசுங்கவோ சைலன்ஸர் பக்கம் உரசவோ இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, எண்ணூர் வரை ஒரு முறை ஓட்டிவிட்டு வந்து மீண்டும் பார்க்க வேண்டும். அன்றிரவு வண்டியைத் தெருவிலேயே நிறுத்தி, இன்ஜினுக்கு நேர் கீழே ஓர் அட்டைப்பெட்டித் துண்டை விரித்து வைத்தால், காலையில் அதில் கறை இருக்கிறதா என்று பார்த்த பிறகு வண்டியை நடைக்குள் ஏற்றலாம்.