லினக்ஸில் திரை பெரிதாக, மங்கலாகத் தெரிகிறதா? முதலில் கேபிளைப் பாருங்கள்

போன மாதம் சித்தி மகன் போன் பண்ணினான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பும் 22 இன்ச் மானிட்டரும் வாங்கி, விவேக்நகரில் இருக்கும் தன் ரூமில் வைத்து லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறான். "அண்ணா, எழுத்தெல்லாம் பெருசு பெருசா மங்கலா இருக்கு, செட்டிங்ஸ்ல 1024×768-க்கு மேல எதுவுமே வரல, லினக்ஸ்னா இப்படித்தானா? பேசாம பழையபடி விண்டோஸே போட்டுடட்டுமா?" என்றான். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எங்கெங்கோ கிடைத்த கமாண்டுகளை எல்லாம் ஒட்டிப் பார்த்திருக்கிறான். ஒன்றும் நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் இருந்து கிளம்பும்போது வீட்டில் சும்மா கிடந்த ஒரு விஜிஏ கேபிளை (மானிட்டரை இணைக்கும் பழைய வகை)ப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அதை மாற்றிச் செருகி ரீஸ்டார்ட் செய்ததும் 1920×1080 தானாகவே வந்துவிட்டது, ஒரு கமாண்ட் கூட அடிக்கவில்லை.

புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போய்த் திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ரெசல்யூஷன், அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை, சரியாக வரவில்லை என்றால் அநேகமாக அர்த்தம் ஒன்றுதான்: உங்கள் மானிட்டர் எப்படிப்பட்டது என்ற தகவல் சிஸ்டத்துக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது போய்ச் சேர்ந்தும் அதைப் பயன்படுத்தச் சரியான டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) இல்லை. எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கமாண்டுகள் கடைசியில்தான்.

மானிட்டருக்குள் ஒரு சின்ன சிப்பில் அதன் விவரம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். அதற்கு இடிஐடி என்று பெயர், அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். யார் தயாரித்தது, என்ன மாடல், எந்தெந்த ரெசல்யூஷனை எந்த வேகத்தில் காட்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கம்ப்யூட்டர் அதைக் கேபிள் வழியாகத்தான் படிக்கிறது. விஜிஏ கனெக்டரில் மூன்று வரிசையில் 15 பின் உண்டு, அதில் 12-வதும் 15-வதும்தான் இந்தத் தகவல் போகிற வழி. மலிவான கேபிள்கள் சிலவற்றில் இந்த இரண்டுக்கும் உள்ளே வயரே இருக்காது. பழைய கேபிளில் பின் வளைந்தோ உடைந்தோ இருக்கும். நிறம் போகிற வயர்கள் நன்றாக இருப்பதால் படம் வரும், அதனால் கேபிள்மேல் யாருக்கும் சந்தேகமே வராது. விவரம் கிடைக்காத சிஸ்டம், எந்த மானிட்டரிலும் ஓடக்கூடிய 1024×768 போன்ற ஒன்றில் நின்றுவிடும். என் தம்பி வீட்டில் நடந்தது இதுதான்.

ஆகவே முதல் வேலை: கேபிளைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். 9-வது பின் மட்டும் இல்லையென்றால் கவலை வேண்டாம், நிறையக் கேபிளில் அது இருக்காது. மற்றபடி வேறு கேபிள் ஒன்றை யாரிடமாவது கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டரிலும் மானிட்டரிலும் ஹெச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளே போர்ட்டோ இருந்தால் விஜிஏவை விட்டுவிட்டு அதற்கே மாறிவிடுங்கள், படமும் கூர்மையாக இருக்கும். நடுவில் கன்வெர்ட்டரோ, ஒரே மானிட்டரை இரண்டு கம்ப்யூட்டருக்குப் பங்கிடும் ஸ்விட்ச் பெட்டியோ இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள், இந்தத் தகவலை விழுங்குவதில் அவையும் பெயர் போனவை. மானிட்டரை முதலில் ஆன் செய்து, அப்புறம் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு தனியாகப் போட்ட டெஸ்க்டாப் என்றால், கேபிள் அந்தக் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, உங்களுக்கு வர வேண்டிய எண் எது? எல்சிடி திரையில் புள்ளிகள் எண்ணிப் பதித்தவை. 1920×1080 என்றால் 20,73,600 புள்ளி. அதில் 1024×768 அனுப்பினால் 7,86,432 புள்ளியை இழுத்து நீட்டித்தான் காட்ட முடியும், மங்கல் அங்கிருந்துதான் வருகிறது. மானிட்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதை வைத்துத் தேடினால் சரியான ரெசல்யூஷன் கிடைத்துவிடும். பழைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் 1366×768.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து மிகச் சின்னதாக இருக்கிறது என்பது வேறு பிரச்சினை. அதற்காக ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், தெளிவு போய்விடும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியிலேயே ஸ்கேல் என்று ஒன்று இருக்கும், அதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். 100-க்கும் 200-க்கும் நடுவில் எதுவும் இல்லையென்றால் ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங் என்பதை ஆன் செய்ய வேண்டும்.

கேபிள் நன்றாகவே இருக்கிறது, அப்படியும் சரியாகவில்லை என்றால் டிரைவருக்கு வாருங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் செட்டிங்ஸுக்குள் அபௌட் பகுதியைத் திறந்து கிராஃபிக்ஸ் என்ற வரியைப் படியுங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது பெயர் இருந்தால் நல்லது. எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் உங்கள் கிராஃபிக்ஸ் சிப் வேலையே செய்யவில்லை, பிராசஸர் தனியாகப் படம் வரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மின்ட்டில் கமாண்ட் அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து இன்க்சி என்று ஐ, என், எக்ஸ், ஐ நான்கும் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு ஒரு ஹைஃபனும் பெரிய ஜியும் போட்டால் கார்டு, டிரைவர், இப்போதைய ரெசல்யூஷன் மூன்றும் வந்துவிடும்.

என்விடியா கார்டு என்றால் உபுண்டுவில் சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ் திறந்து அடிஷனல் டிரைவர்ஸ் பக்கம் போங்கள், மின்ட்டில் டிரைவர் மேனேஜர். ரெகமெண்டட் என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுத்து, நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். என்விடியா இணையதளத்தில் இருந்து ஃபைலை இறக்கி நீங்களாக நிறுவ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அடுத்த அப்டேட்டில் திரை கருப்பாகி நிற்கும் வாய்ப்பு அதிகம், புதியவர்களுக்கு அதில் இருந்து மீள்வது கஷ்டம்.

செக்யூர் பூட் (நம்பகமெனக் குறிக்கப்படாத மென்பொருளை ஏற்றவிடாத பாதுகாப்பு) ஆனில் இருக்கும் கம்ப்யூட்டரில் டிரைவரை நிறுவும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வரும், சில நொடிதான் காத்திருக்கும். பயந்து தாண்டிவிடாதீர்கள். ஏதாவது ஒரு கீயை அழுத்தி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் டிரைவர் நிறுவியும் பயனில்லை, சிஸ்டம் அதை ஏற்றாது.

இன்டெல், ஏஎம்டி வைத்திருப்பவர்கள் டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை, அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மிகப் புதிய லேப்டாப் என்றால் கெர்னல் பழையதாக இருக்கலாம். மின்ட்டில் அப்டேட் மேனேஜரின் வியூ மெனுவில் லினக்ஸ் கெர்னல்ஸ் என்று இருக்கும், அங்கே புதியதைப் போட்டுப் பாருங்கள். பழைய கெர்னலும் கூடவே இருக்கும், வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடலாம்.

நிறுவும்போது திரை கருப்பாகி, யாரோ சொன்னார்கள் என்று நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்தீர்களா? அது கெர்னல் கிராஃபிக்ஸைக் கையில் எடுக்க வேண்டாம் என்று தடுக்கிற சொல். நிறுவுகிற நேரத்துக்கு அது உதவும், அப்புறமும் இருந்துவிட்டால் சரியான ரெசல்யூஷன் வரவே வராது. ஈடிசி (etc) ஃபோல்டருக்குள் டீஃபால்ட், அதற்குள் கிரப் என்ற ஃபைலில் கொயட் ஸ்பிளாஷ் என்று இருக்கும் வரியைப் பாருங்கள். நோமோட்செட் அங்கே இருந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் நீக்கி, மேற்கோள் குறிகளைத் தொடாமல் சேமித்து, டெர்மினலில் சூடோ (sudo, நிர்வாகி அனுமதி தரும் சொல்) போட்டு அப்டேட்-கிரப் கமாண்டை ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபைலில் கை வைக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. என்விடியா என்றால் டிரைவரைப் போட்டுவிட்டுத்தான் இந்தச் சொல்லை எடுக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்து, கேபிளையும் மாற்ற முடியாத நிலை என்றால்தான் ரெசல்யூஷனைக் கையால் மாற்றும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கமாண்ட். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என ஆறு சிறிய எழுத்து. அதை மட்டும் அடித்தால் கனெக்டெட் என்று ஒரு வரியும், அதன் தொடக்கத்தில் இணைப்பின் பெயரும் வரும், விஜிஏ-1 என்பதுபோல. அந்தப் பெயரை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிவிடி (cvt) என்று மூன்று எழுத்து அடித்து, இடைவெளி விட்டு 1920, 1080, 60 என்ற எண்களைக் கமா இல்லாமல், இடைவெளி விட்டுக் கொடுங்கள். வருகிற இரண்டாவது வரியில் மோட்லைன் என்ற சொல்லுக்கு அப்புறம் இருக்கும் முழுவதையும் காப்பி செய்து, எக்ஸ்ரேண்டருடன் இரண்டு ஹைஃபன் போட்ட நியூமோட் என்பதற்குப் பின்னால் ஒட்டுங்கள். அடுத்து அதேபோல ஆட்மோட், அதன் பின்னால் இணைப்பின் பெயர், புது மோடின் பெயர் (காப்பி செய்ததில் முதலில் மேற்கோள் குறிக்குள் இருப்பது). இப்போது செட்டிங்ஸைத் திறந்தால் பட்டியலில் அது இருக்கும். மானிட்டர் தாங்காத எண்ணைக் கொடுத்தால் திரையில் அவுட் ஆஃப் ரேஞ்ச் என்று வரும், எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் காத்திருங்கள், செட்டிங்ஸ் தானாகப் பழையதற்குத் திரும்பிவிடும். 1366×768 கேட்டால் சிவிடி 1368 என்று கொடுக்கும், அகலம் 8-ஆல் வகுபட வேண்டும் என்பதால், அது தவறில்லை.

இந்த மாற்றம் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். நியூமோட், ஆட்மோட் இரண்டு வரியோடு, எக்ஸ்ரேண்டருடன் இரண்டு ஹைஃபன் போட்ட அவுட்புட் என்பதற்குப் பின் இணைப்பின் பெயரும், அதேபோல மோட் என்பதற்குப் பின் புது மோடின் பெயரும் கொடுத்த மூன்றாவது வரியையும் ஒரு ஸ்கிரிப்டில் போட்டு, ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் சேர்த்துவிடுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: திரையில் படம் காட்டும் வேலையைப் பழைய எக்ஸ்11-க்குப் பதில் வேலண்ட் செய்யும் சிஸ்டத்தில் இந்த வழி பலிக்காது. மின்ட்டின் சின்னமன் பதிப்பில் வழக்கமாக எக்ஸ்11 தான், சிக்கல் இல்லை. உபுண்டு 22.04, 24.04 என்றால் லாகின் செய்யும்போது கீழே மூலையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸார்க் (எக்ஸ்11-தான்) தேர்ந்தெடுக்கலாம். 25.10-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள், அங்கே கேபிளையும் டிரைவரையும் சரி செய்வதுதான் நேர்வழி.

டிவியை மானிட்டராக வைத்து, ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் லினக்ஸில் தேடாதீர்கள். டிவி ரிமோட்டில் பிக்சர் சைஸுக்குப் போய் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்குள் லினக்ஸ் ஓட்டி 800×600-இல் மாட்டிக்கொண்டவர்கள் கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவினால் போதும், ஜன்னலை இழுக்கிற அளவுக்குத் திரை தானாக விரியும்.

எல்லாம் செய்தும் வரவில்லையா, யாரிடமாவது கேளுங்கள், கேட்பதில் தயக்கமே வேண்டாம். கேட்கும்போது எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன், என்ன கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர் மாடல், எந்தக் கேபிள், நடுவில் கன்வெர்ட்டர் உண்டா, வேலண்டா எக்ஸ்11-ஆ என்று முதல் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள், உதவ வருகிறவருக்கு உங்கள் மேசை முன்னால் உட்கார்ந்து பார்ப்பதுபோல இருக்கும்.