ரிப்பீட்டருக்கு அலைவரிசை ஜோடி தேர்ந்தெடுப்பது எப்படி

ரிப்பீட்டர் என்பது ஒரு அலைவரிசையில் கேட்டதை அப்போதே இன்னொன்றில் மறுபடி ஒலிபரப்பும் நிலையம். கேட்பது உள்வாங்கல், அனுப்புவது வெளியீடு, இரண்டும் சேர்ந்தது ஜோடி. எந்த வட்டாரத்தின் ரிப்பீட்டர் அலைவரிசைத் திட்டமும் ஒரே மூச்சில் வரையப்பட்டதல்ல. பழைய கருவிகள் விட்டுப்போன தடம் அது. அமெரிக்க ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், எஃப்எம்முக்கு வந்தபோது கையில் கிடைத்தவை வணிகப் பயன்பாட்டில் கழித்துப்போட்ட செட்டுகள். அவற்றின் அலை அகலம் அதிகம் என்பதால் சேனலுக்குச் சேனல் 60 கிலோஹெர்ட்ஸ் விட்டார்கள். பிறகு அதைப் பாதியாக்கி 30, இன்னும் பாதியாக்கி 15. சில மாநிலங்கள் மட்டும் 20-க்குப் போயின. ஐரோப்பாவில் 25, பின்பு 12.5. ஆகவே முதலில் உங்கள் பகுதியின் சேனல் இடைவெளி எது என்று பாருங்கள்.

இதில் ஒரு கணக்கு உண்டு. விலகல் (குரலுக்கேற்ப அலை இருபுறமும் நகரும் அளவு) 5, குரலின் உச்ச அதிர்வெண் 3 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலை பிடிக்கும் இடம் 2×(5+3), அதாவது 16. இருபதில் அடங்கும், பதினைந்தில் வழியும். 15 கிலோஹெர்ட்ஸ் சேனல் இடைவெளி உள்ள ஊரில் பக்கத்துச் சேனல்காரர் தொலைவில் இருந்தாக வேண்டும்.

உள்வாங்கலுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள இடைவெளி 2 மீட்டர் அலைப்பட்டையில் அநேகமாக எங்கும் 600 கிலோஹெர்ட்ஸ்தான். 70 சென்டிமீட்டரில் அப்படியில்லை: அமெரிக்காவில் 5 மெகாஹெர்ட்ஸ், ஜெர்மனியில் 7.6. டூப்ளெக்சர் (ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் வாங்கவும் உதவும் வடிகட்டி) வாங்குவதற்கு முன்பே இதை உறுதிசெய்யுங்கள்.

அடுத்தது, அதே ஜோடியில் இயங்கும் மற்ற ரிப்பீட்டர்களின் தூரம். ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். 400 மீட்டர் குன்றுக்கு 82. அதே உயரத்தில் எதிரே இன்னொன்று இருந்தால், 164 கிலோமீட்டர் தள்ளியிருந்தும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். வரைபடத்தில் வட்டம் போடும்போது ஊர் எல்லையை மறந்து உயரத்தை மட்டும் பாருங்கள்.

பலரும் வெளியீட்டு அலைவரிசையைக் கேட்டுவிட்டு ‘காலியாக இருக்கிறது’ என்று முடிவுகட்டுகிறார்கள். கேட்க வேண்டியது உள்வாங்கலை. அதுவும் வீட்டிலிருந்து அல்ல, அதே கோபுரத்தில், அதே ஆன்டெனாவில். குறைந்தது ஒரு வாரம் பதிவுசெய்யுங்கள். விடியற்காலையை விட்டுவிடாதீர்கள்: வெப்பநிலை அடுக்குகள் தொலைதூர நிலையங்களை இழுத்துவரும் நேரம் அது.

கோபுரத்தில் வேறு டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தால் மூன்றாம் படிக் கலப்பையும் கணக்கிடுங்கள். A, B என்ற இரு ஒலிபரப்பு அலைவரிசைகள் கலந்து புதிதாக உண்டாகும் அலைவரிசைகள் அவை: 2A−B, 2B−A. அமெரிக்கத் திட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. 146.70, 147.30 ஆகிய இரண்டு வெளியீடுகளும் ஒரே இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2×146.70−147.30 = 146.10, இது முதல் ரிப்பீட்டரின் உள்வாங்கல். திருப்பிப் போட்டால் 147.90, அது இரண்டாவதின் உள்வாங்கல். ஒரே நேரத்தில் இரண்டும் ஒலிபரப்பினால் இரண்டின் காதும் அடைபடும். துருப்பிடித்த கம்பி இணைப்பு ஒன்றே இந்தக் கலப்புக்குப் போதும். வெளியீடுகளுக்கிடையே சரியாக 600 கிலோஹெர்ட்ஸ் வராமல் பார்த்துக்கொண்டால் இந்தப் பொறியிலிருந்து தப்பலாம்.

சிடிசிஎஸ்எஸ் டோன் கடைசியில்தான். குரலோடு சேர்ந்து வரும் தாழ்ந்த தொனி இது; அது இருந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும். ஒரே ஜோடியைப் பயன்படுத்தும் அண்டை ரிப்பீட்டரின் டோனைத் தவிர்த்து வேறொன்றை எடுங்கள். டோன் இடையூறை மறைக்கும், நீக்காது: வலுத்த அந்நிய அலை வந்தால் உங்கள் பயனரின் குரல் அடியில் போய்விடும்.

இறுதியாக ஒருங்கிணைப்பாளர், அதாவது வட்டாரத்தில் எந்த ரிப்பீட்டருக்கு எந்த ஜோடி என்று பரிந்துரைப்பவர். அமெரிக்க விதிப்படி, ஒருங்கிணைக்கப்பட்ட ரிப்பீட்டருக்கும் அப்படிப் பதியாததற்கும் மோதல் வந்தால், தீர்க்கும் முதன்மைப் பொறுப்பு பதியாதவருடையது. விண்ணப்பத்தில் ஆயத்தொலைவு, தரைக்கு மேல் ஆன்டெனா உயரம், கடல்மட்ட உயரம், கதிர்வீச்சுத் திறன், டோன் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு உயரங்களையும் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதோடு தூரக் கணக்கும் தவறிப்போகும்.